ஸ்டீபன் கையெழுத்துப் போட்ட இறக்கை

ஸ்டீபன் போய்விட்டான். காலையில் அவன் மகள் போன் செய்து சொன்னாள். ஹார்ட் அட்டாக்காம்.

"ஓ..." அவ்வளவுதான் வாயில் வந்தது. நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பாள், பாவம்.

பதினோரு வருஷம் ஒரே ஹேங்கரில் விமானம் பழுது பார்த்தோம். வானத்தில் குட்டிக்கரணம் அடிக்கிற சின்ன விமானங்கள், இறக்கை முழுக்க மரம். அவன் வீடு ரிச்சர்ட்ஸ் டவுன், என் வீடு பக்கத்து ஜீவனஹள்ளி. போக வர ஒரே ஸ்கூட்டர்.

மழைக்காலம் முடிந்ததும் இறக்கைகளைச் சோதிப்போம். ஈரம் ஏறினால் மரத்தை ஒட்டிய பசை விட்டுவிடும். ஸ்டீபன் விரல் மூட்டால் தட்டிக்கொண்டே வருவான், ஓரிடத்தில் நிற்பான். "இங்க சத்தம் செத்துப் போச்சு மச்சான், தொறந்து பாரு."

திறந்தால் பசை விட்டிருக்கும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்தக் காது மேல் எனக்கு அவ்வளவு பொறாமை.

எங்கள் ஹேங்கரில் ஒரு வழக்கம். இறக்கை சரி என்று கையெழுத்துப் போட்டவன்தான் முதல் தடவை பைலட்டோடு ஏற வேண்டும். ரூல் எல்லாம் இல்லை... ஏறாதவன் கையெழுத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஒரு வருஷம், விமான சாகச ஷோவுக்கு நாலு நாள்தான் இருந்தது. முதலாளி தலைமேல் நிற்கிறார். இடது இறக்கையை ஸ்டீபன் தனியாகவே முடித்துக் கையெழுத்துப் போட்டான். பறக்க வேண்டிய அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"வயிறு சரியில்ல மச்சான். எனக்குப் பதிலா நீ ஏறிடு."

"இன்னா மச்சான், நேத்து பிரியாணியா?" கிண்டல் அடித்துவிட்டு ஏறினேன். என் சீட் பெல்ட்டை அவனே இழுத்து மாட்டிவிட்டான்.

மூன்று லூப், இரண்டு ரோல் என்று குட்டிக்கரணம் எல்லாம் அடித்தோம். சிரித்துக்கொண்டே இறங்கினேன். மதியம் என் டிபன் பாக்ஸ் மீன் குழம்பை அவன் வழித்துச் சாப்பிட்டான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த மாதம் அதே இறக்கையை நான் திறந்தேன். ஸ்பார் என்கிற நடுக்கட்டைதான் இறக்கையையே தாங்குவது. அதில் பசை விட்டு, ஒரு விரல் நீளத்துக்குப் பிளவு. அதை மறைத்து மேலே புது வார்னிஷ். அவன் கை தவிர வேறு கை அங்கே பட்டதில்லை.

"உனக்குத் தெரியுமாடா?"

"ஒண்ணும் ஆகலல்ல... விடு மச்சான்."

விடவில்லை. இறக்கையைக் கழற்ற வைத்தேன். அவனோடு பேச்சையும் நிறுத்தினேன், இன்று வரை.

அப்போது என் மகனுக்கு இரண்டு வயது. பெயர் வைத்த அன்று முழுக்க அவனைத் தூக்கி வைத்திருந்தது ஸ்டீபன்தான்.

பயந்துவிட்டான், புரிகிறது. பயந்தவன் என்னை ஏற்றிவிட்டானே... துரோகம். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

சற்று முன் அவன் மகள் மறுபடி கூப்பிட்டாள். "அங்கிள், பெட்டியத் தூக்க நீங்க வரணும். அப்பாவே சொல்லி வெச்சிருக்காரு."

இதைச் சொல்லி வைக்கத் தெரிந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை.

வருகிறேன் என்றுவிட்டேன். நாளை பத்து மணிக்கு சர்ச், பிறகு அடக்கம்.

தூக்குகிறேன் ஸ்டீபன். போய் வா.

பேச மாட்டேன்.