மூன்றாம் பீரியட் ஓடை

மூன்றாம் பீரியட் மணி அடித்ததும் சமூக அறிவியல் டீச்சர் ஒன்பதாம் வகுப்பை ஓடைக்குக் கூட்டிப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. போன வாரம் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து மயிரிழையில் தப்பியதாகவும் கேள்வி. ஊரில் ஓடை எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நாலு தெரு சுற்றித் தேடினால் அகப்படுவது மூடி போட்ட சாக்கடை ஒன்றுதான்.

சரிபார்க்க மாடியேறிப் போனால், கம்ப்யூட்டர் அறையில் முப்பத்திரண்டு பிள்ளைகள். ஒருவர் காலிலும் பொட்டு ஈரமில்லை. டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருக்கிறார். தினமும் நடப்பதுதான். கிடைத்ததும் திரையைப் பார்த்துக் கேட்பார்: "ஓடையில இன்னைக்கு என்ன வருது?"

செய்தியோடை. பத்துப் பதினைந்து செய்தித் தளங்களும் வலைப்பூக்களும் புதிதாகப் போடுவதெல்லாம் ஒரே பக்கத்தில் வந்து விழும் ஏற்பாடு. அதில் ஒன்றைப் பிடித்து, மெய்யா பொய்யா என்று துருவி, கண்டதை வகுப்பின் வலைப்பூவில் எழுத வேண்டும். "அதான் நியூஸ்லயே போட்டிருக்கே டீச்சர்" என்று யாராவது சொன்னால் தீர்ந்தது. "போட்டவருக்கு யாரு சொன்னாங்க? அவங்களுக்கு யாரு சொன்னாங்க? போய்க் கேளு கண்ணு." தப்பாக எழுதினால், எழுதிய கையே 'திருத்தம்' போட வேண்டும். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

தலைமையாசிரியருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். "ஓடையோ குளமோ, பெத்தவங்க பயந்துட்டாங்க டீச்சர். வெள்ளிக்கிழமைக்குள்ள பேச்சு அடங்கலைன்னா ரூம் சாவியைக் குடுத்துடுங்க. அந்தப் பூவையும் மூடிடலாம்."

இரண்டு வருடம் நடையாய் நடந்து வாங்கிய சாவி. டீச்சர் முகம் சுண்டித்தான் போயிற்று. மறுநாள் காலை அந்த வதந்தியையே பலகையில் எழுதினார். "இன்னைக்குச் செய்தி இதுதான். யாரு வாயிலேர்ந்து கிளம்புச்சுன்னு பார்த்துட்டு வாங்க."

மூன்று நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் பரப்பியது கடைத்தெரு முடிவெட்டுபவர்; அவருக்குச் சொன்னது தையல்கார அம்மா. அந்த அம்மாவுக்குச் சொன்னது வாயாடி என்று பெயரெடுத்த முன்பெஞ்சு மாணவியின் அப்பா. அவரோ மகளிடம் அடித்துச் சொல்லிவிட்டார்: "உங்க டீச்சரேதான்மா சொன்னாங்க. பெற்றோர் கூட்டத்துல, 'தினமும் பிள்ளைங்களோட ஓடையில இறங்கிடுவேன்'னு. என் காதால கேட்டேன்."

இதை வகுப்பில் சொல்ல வாயாடி மெல்ல எழுந்தாள். "அப்போ திருத்தம் நீங்கதான் போடணும் டீச்சர்."

"போட்டுத்தானே ஆகணும்" என்று டீச்சர் அங்கேயே உட்கார்ந்து தட்டினார்: 'நான் ஓடை என்றது செய்தியோடையை. அதில் யாரும் நனையவில்லை. விளக்காமல் சொன்னது என் தவறு.'

"சரி டீச்சர், வழுக்கி விழுந்தது யாரு?"

அந்த நூலையும் பிடித்துக்கொண்டு போனார்கள். முடிவெட்டுபவருக்கு அந்தப் பாதியைச் சொன்னவர் பள்ளிக் காவலாளி. காவலாளிக்குச் சொன்னவர் சாட்சாத் தலைமையாசிரியர். பிள்ளைகள் நோட்டும் கையுமாக முன்னால் நின்றதும் அவர் தொண்டையைச் செருமினார். "'பிள்ளை விழுந்தா?'ன்னுதான்பா சொன்னேன். விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு ஒரு கவலை. அவரு காதுக்கு 'விழுந்தாச்சு'ன்னு போயிருக்கு."

அதையும் அப்படியே வலைப்பூவில் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அதன் கீழே பெற்றோரின் பின்னூட்டங்கள் குவிந்துவிட்டன. 'என் மகள் எட்டாவதுதான் படிக்கிறாள். அவளையும் இப்போதே ஓடையில் இறக்கிவிட முடியுமா?' என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். சாவி டீச்சர் இடுப்பிலேயே தங்கிவிட்டது.

தலைமையாசிரியர் போட வேண்டிய திருத்தம்தான் இன்னும் வந்தபாடில்லை. "எழுதிடலாம் டீச்சர், எங்க ஓடிடப் போகுது?" என்கிறார். வலைப்பூவில் 'திருத்தம் 2' என்ற தலைப்பு மட்டும் நிற்கிறது. கீழே ஒரு வரிகூட இல்லை.

டீச்சர் வாய்திறந்து கேட்பதில்லை. காலையில் தலைமையாசிரியர் அறைக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். பிறகு பேனாவை மூடாமல் அவர் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்துவிட்டு மாடியேறுகிறார்.