மகள் சாட்சி சொல்ல நான் வாங்கில் இருந்தேன்

தன்னாமுனையில் சீமெந்துக்கல் செய்து விற்கும் வாடி போட்டது நான். கல்வீடு கட்டியது நான். எங்கள் சபைக்குச் சுற்றுமதில் எழுப்பியதும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன், யுத்தத்துக்குப் பிறகு வெறுங்கையோடு தொடங்கினேன். "இவனுக்கு ஏலாது" என்றவர்கள் இன்று என்னிடம்தான் கல் வாங்குகிறார்கள்.

என் மகளுக்குச் சிறுவயதிலிருந்தே பேச்சுத் திக்கும். கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவளுக்காக நானே பேசுவேன். இப்போது வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிறாள். போன வாலிபர் ஞாயிறன்று, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல முதன்முதலாகச் சபை முன் எழும்பினாள். "க... க..." என்று அப்படியே நின்றுவிட்டாள். பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து எழும்பி, "மகள் சொல்ல வாறது என்னெண்டா..." என்று தொடங்கிவிட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, இரிங்க. இது க... கர்த்தர் எனக்குத் தந்த வாய். நான் சொல்றன்."

இன்னும் ஒரு சொல் நான் பேசியிருந்தால், அவள் அதற்குப் பிறகு ஒருநாளும் எழும்பியிருக்க மாட்டாள். வாயை மூடிக்கொண்டு வாங்கில் இருந்தேன். அவள் திக்கித் திக்கியே முழுவதையும் சொல்லி முடித்தாள். சிரித்தவர்களும் ஆமென் போட்டார்கள்.

இப்போது யாராவது அவளிடம் ஏதும் கேட்டால் நான் வாய் திறப்பதில்லை. வாலிபப் பிள்ளைகளே, திக்கினாலும் நீங்களே பேசுங்கள். சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்று அவள் கர்த்தருக்கும் போதகருக்கும் வாலிபர் சங்கத்துக்கும் நன்றி சொன்னாள். சரி. ஆனால் மதில் எழுப்பியதைவிட, அந்த வாங்கில் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய வேலை. அடுத்த சாட்சியில் என் பெயரையும் சொல்லத்தான் வேண்டும்.