நூற்றைந்து சென்டிமீட்டர்

நான்கு வருடப் படிப்பில், முதல் இரண்டு வருடம் கல்லூரியில் எங்களுக்கு நாப்கினை அன்னமாக மடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவது வருடம், ஆறு மாதப் பயிற்சி என்று சொல்லி ஒரு தீம் பார்க்குக்கு அனுப்பினார்கள். அங்கே என் கையில் ஓர் அளவுகோலைக் கொடுத்து ரோலர் கோஸ்டர் வாசலில் நிற்கவைத்தார்கள். நூற்றைந்து சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைகளை ஏறவிடக் கூடாது. வேலை அவ்வளவுதான். விருந்தோம்பல் படித்தவள் நான். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊர்ப் பிள்ளைகளை அழவைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நான் அங்கே போய் மாட்டியதற்குக் காரணம் என் சோம்பேறித்தனம். விண்ணப்பத்தைக் கடைசி நாளில் கொடுத்தேன். நல்ல ஹோட்டல்களெல்லாம் போய், மிச்சம் கிடந்தது இதுதான். என் அறைத்தோழி கதை வேறு. விண்ணப்பத்தில் முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம் என்று மூன்று கட்டம் இருக்கும். மூன்றிலும் அவள் இந்த பார்க்கின் பெயரையே எழுதிக் கொடுத்திருந்தாள். வாங்கிப் பார்த்த ஆசிரியர், "ஏம்மா, கையெழுத்துப் பயிற்சியா?" என்று கேட்டாராம்.

வந்த இடத்திலும் அப்படித்தான். மற்றவர்கள் உணவகத்துக்கு அடித்துக்கொண்டபோது, இவள் யாருக்கும் வேண்டாத போட்டோ கவுண்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கள் ரயில் மூன்றாவது இறக்கத்தில் விழும்போது கேமரா தானாக அடிக்கும். வரிசைக்கு ஒன்றாக எட்டுப் படம் கவுண்டர் திரையில் வந்து நிற்கும். ஆட்கள் இறங்கி, சரிவுப் பாதையில் நடந்து கவுண்டருக்கு வர நான்கு நிமிடம் ஆகும். வாயைப் பிளந்து, கண் செருகி, முடி நட்டுக்கொண்டு நிற்கும் தங்கள் முகத்தைப் பார்த்து அவர்களே சிரிப்பார்கள். பத்தில் எட்டுப் பேர் வாங்காமல் போவார்கள். வாங்காத படமெல்லாம் அன்றைக்கே அழித்துவிட வேண்டும். பகல் முழுக்க அலறுகிற மூஞ்சிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு பிழைப்பா என்று எனக்குத் தோன்றும். நாங்கள் அவளுக்குப் படக்காரி என்று பெயர் வைத்தோம். அதற்கும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

அவள் வார விடுமுறையில்கூடப் போய் உட்காருவாள். காய்ச்சலோடு போவாள். சூப்பர்வைசர் இதைத் தொழில் பக்தி என்று நினைத்து, அந்த மாதத்தின் சிறந்த பயிற்சியாளர் என்று ஒரு பேட்ஜைக் குத்திவிட்டார். எனக்கு வயிற்றெரிச்சல். மறுநாள் காலை சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

"அந்தக் கவுண்டர்ல அப்படி என்னதான் புதைச்சு வெச்சிருக்க?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் சொன்னாள். அவளுக்கு ஓர் அக்கா. ஒன்பது வயது மூத்தவள். அம்மா வேலைக்குப் போகிற வீடு. இவளைக் குளிப்பாட்டியதும், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனதும், காய்ச்சலென்றால் மடியில் போட்டுக்கொண்டதும் அக்காதான். இவளுக்குப் பதினான்கு வயதாகும்போது அக்கா தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அப்பா அன்றைக்கே ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, அக்கா இருந்த படங்களை ஒவ்வொன்றாக உருவிக் கிழித்தார். அக்காவின் போன் நம்பர் மாறிப்போனது. வீட்டில் அவள் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. ஆறு வருடம். அக்கா இந்த ஊரில் இருக்கிறாள், ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்று அக்காவின் பழைய சினேகிதி ஒருத்தி சொன்னது மட்டும்தான் இவளுக்குத் தெரியும்.

"இந்த ஊர்ல குழந்தை இருக்கிறவங்க ஒரு நாளாவது இங்க வராமலா இருப்பாங்க? வந்தா ரயில்ல ஏறாமலா போவாங்க? ஏறிட்டா என் திரைக்கு வந்துதானே ஆகணும்."

"நல்லா இருக்குடி உன் கணக்கு. அக்கா போட்டோ இருக்கா, நானும் வாசல்ல பாக்கறேன்."

"ஒண்ணுகூட இல்ல," என்றாள்.

ஆயிரம் படம் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் அந்த ஒரு படம் இல்லை. அதற்கு மேல் அவளைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை. இஸ்திரிக்கு என் சட்டையையும் சேர்த்துக் கொடுத்தேன், அது வேறு விஷயம்.

அதன் பிறகு சாயங்காலம் என் வேலை முடிந்ததும் அவள் கவுண்டருக்குப் போய் உட்காருவேன். படங்களை அழிப்பதற்கு முன் அன்றைய முகங்களை அவள் முதலிலிருந்து ஒரு முறை ஓட்டிப் பார்ப்பாள். அலறுகிற முகம் யார் முகம் மாதிரியும் இருக்காது. கண்ணைச் சுருக்கி, திரையை மூக்கு இடிக்கப் பார்ப்பாள். ஒரு தடவை திடீரென்று எழுந்து சரிவுப் பாதையில் மேலே ஓடினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, "மூக்கு மட்டும் அக்கா மூக்கு," என்றாள். அந்தப் பெண்ணின் படத்தை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை. நான்தான் அழித்தேன்.

மாதங்கள் போயின. அவள் இளைத்துப்போனாள். பயிற்சி முடிந்து ஊருக்குப் போனால் அப்பா மறுபடி இந்தப் பக்கம் அனுப்பமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். "கடைசி நாளைக்குள்ள ஒரே ஒரு தடவை பாத்துட்டாப் போதும்," என்பாள். "பேசக்கூட வேணாம். நல்லா இருக்காளான்னு தெரிஞ்சாப் போதும்." பொய். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

என் வாசலிலும் ஒருத்தி விடாப்பிடியாக வந்துகொண்டிருந்தாள். நான்கரை வயது இருக்கும். அளவுகோலில் நிற்கவைத்தால் மெல்லக் குதிகாலைத் தூக்கும். நான் அதற்குக் குதிகால் என்றே பெயர் வைத்திருந்தேன். "காலைக் கீழ வைடா கண்ணு," என்பேன். வைத்தால் நூற்றிரண்டு. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போகும். மாதம் ஒரு தடவை, வேலை நாளாகப் பார்த்து, அம்மாவும் பெண்ணும் வருவார்கள். மற்ற அம்மாக்கள் அரை சென்டிமீட்டருக்காக என் குடுமியைப் பிடிப்பார்கள். இந்த அம்மா மட்டும், முடியாது என்று சொன்னதும் நிம்மதியாக மூச்சு விடுவாள். பயந்த சுபாவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை மத்தியானம், குதிகால் வந்து கோலுக்குக் கீழே நின்றது. குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் தரையில் ஒட்டியிருந்தன. நூற்றைந்து.

"பாஸ்," என்றேன்.

அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. "சரியாப் பாத்தீங்களா? செருப்போட அளந்துட்டீங்களா?"

"செருப்பைக் கழட்டிட்டுத்தான்க்கா நிக்குது. ஆனா பெரியவங்க ஒருத்தர் கூட ஏறணும்."

"நீங்க கூட்டிட்டுப் போக முடியாதா?"

"எனக்கு ட்யூட்டிக்கா."

அவள் பெண்ணைப் பார்த்தாள். பெண் ஏற்கெனவே வரிசைக்குள் பாதி போயிருந்தது. "போட்டோ எடுப்பாங்க இல்ல?" என்று கேட்டாள். மூன்றாவது இறக்கத்தில் எடுக்கும் என்றேன். வேறு வழியாக வெளியே வர முடியாதா என்றாள். எல்லாரும் கவுண்டர் வழியாகத்தான் வர வேண்டும் என்றேன். போட்டோவுக்கு இப்படிப் பயப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் என்னை மாற்றிவிட ஆள் வந்தது. ஆறு மாதம் நானே அழவைத்த பிள்ளையின் முதல் படத்தை நானே பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பின்பக்கப் படியில் இறங்கிக் கவுண்டருக்குப் போனேன். படக்காரி திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எட்டுப் படமும் வந்து விழுந்தன.

"நாலாவது வரிசை, நம்ம குதிகால். வாயைப் பாரு. பக்கத்துல அவங்க அம்மா, பயந்தாங்கொள்ளி, மூஞ்சியையே மூடிட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. திரையில் முகத்தை மூடியிருந்த அந்த இரண்டு கைகளையே பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். இடது கைச் சுண்டுவிரல் நுனியில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"எனக்கு ஏழு வயசு. பஸ் கதவுல என் கை மாட்டப் பாத்துது. நடுவுல அவ கையை வெச்சா," என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது, அந்த அம்மாதான் அக்கா. மாதா மாதம் அவளை வாசலோடு திருப்பி அனுப்பியவள் நான்தானே. "இவங்க மாசா மாசம் வராங்கடி. எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படிடீ தெரியும்?" என்று புலம்பினேன். சுத்தமாக இருந்த மேசையை அவள் ஒரு துணியால் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். அந்த நான்கு நிமிடம் மாதிரி நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை.

குழந்தைதான் முதலில் ஓடி வந்தது. "என் போட்டோ எங்க?" அதன் பின்னால், சரிவுப் பாதை திரும்புகிற இடத்தில், அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டாள்.

"அக்கா," என்றாள் படக்காரி.

"என்னைப் பாக்காத." தரையைப் பார்த்தே பேசினாள். "நீ காலேஜ் சேர்ந்தப்போ அப்பாவுக்கு போன் பண்ணினேன். நான் உன் கண்ணுல பட்டா அன்னைக்கே உன் படிப்பை நிறுத்திடுவேன்னாரு. படிப்பு முடியறவரைக்கும் படமாட்டேன்னு சொல்லிட்டேன். சொன்னாச் செய்யறவருதானே அவரு. இன்னும் ஒரு வருஷம் இருக்கு உனக்கு."

"அப்புறம் எதுக்கு மாசா மாசம் வந்த?"

"முதல் தடவை தெரியாமத்தான் வந்தேன். இவ உயரம் பத்தலைன்னுட்டாங்க. அழுதா. அந்த பெஞ்சுல உக்காந்தோம்." அக்கா கையை நீட்டினாள். கவுண்டருக்குப் பின்பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம், பத்தடியில், மரத்தடியில் ஒரு பெஞ்சு. "உள்ள உன் முதுகு தெரிஞ்சுது. கழுத்தை ஒரு பக்கமாச் சாய்ச்சு உக்காந்திருந்த. அப்புறம் வருஷப் பாஸ் எடுத்துட்டேன். முதுகைப் பாத்தா, உன் கண்ணுல பட்டதா ஆகாதுல்ல."

படக்காரி திரும்பி அந்த பெஞ்சைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் அவள் அந்தப் பக்கம் திரும்பியே நான் பார்த்ததில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுத்தால் அக்கா தவறிப்போய்விடுவாள் என்று அவளுக்குப் பயம்.

"பத்தடி," என்றாள். "ஒரு தடவை கண்ணாடியைத் தட்டியிருக்கலாம்ல நீ?"

"தட்டணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வருவேன்டி. உக்காந்து பாத்துட்டே இருப்பேன். உன் படிப்பு ஞாபகம் வரும். எழுந்து போயிடுவேன்." அக்கா அழுதாள். "குட்டி, வா, போலாம்."

படக்காரி நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப்போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொண்டையில் இருந்த வலையை உருவினாள். ஊசிகளை எடுத்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றினாள். முடி முதுகில் விழுந்தது.

"உன்னை நான் பாக்கக் கூடாது, அவ்வளவுதானே," என்றாள். "நான் பாக்கல. பின்னி விடு."

அக்கா அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "போங்கக்கா," என்றேன். குழந்தையைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்து அதன் படத்தை அதனிடம் காட்டினேன். அக்கா மெதுவாக உள்ளே வந்து அவள் பின்னால் நின்றாள். சீப்பு கிடையாது. விரலாலேயே சிக்கெடுத்தாள். "எண்ணெய்யே வெக்கறதில்லையா நீ?" என்று அதட்டினாள். படக்காரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

அடுத்த ரயில் ஆட்கள் சரிவில் இறங்கி வந்தார்கள். நான் வழியை மறித்து நின்று, கல்லூரியில் சொல்லிக் கொடுத்த சிரிப்பை முகத்தில் ஒட்டிக்கொண்டு, "மிஷின் ரிப்பேர், இன்னைக்குப் படம் கிடையாது," என்றேன். ஒரு பெரியவர் புகார் எழுதுவேன் என்றார். தாராளமாக எழுதுங்கள் என்று பேனாவைக் கொடுத்தேன்.

பின்னல் இடுப்புவரை வந்து முடிந்தது. அக்கா நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவள் தோளுக்கு மேலாக நீட்டினாள்.

"ரப்பர் பேண்டைக் கொடு."

அது படக்காரியின் கைக்குள் இருந்தது. அவள் கையை இன்னும் இறுக்கி மூடினாள்.

"கொடுத்தா நீ போயிடுவ," என்றாள்.

அக்கா, நீட்டிய கையை எடுத்துக்கொண்டு, நுனியிலிருந்து உச்சிவரை பின்னல் முழுவதையும் பிரித்துப்போட்டாள். பிறகு முடியை மூன்றாகப் பிரித்து, முதலிலிருந்து மறுபடியும் பின்ன ஆரம்பித்தாள்.