என்னைத் தேடி வந்தவர்கள்

எனக்கு விற்கத் தெரியும். இதைச் சொல்வதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது. எர்ணாகுளத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் பல வருடம் நின்றவள் நான். நின்றவள் என்றால் நிஜமாகவே நின்றவள். உட்கார ஸ்டூல் போட்டதெல்லாம் பிற்பாடு. வாங்க வருகிறவள் வாயால் பச்சை கேட்பாள், கண்ணோ ஓரத்தில் கிடக்கும் மாம்பழ நிறத்துக்கே திரும்பத் திரும்பப் போகும். அதை உடனே எடுத்துக் காட்டக் கூடாது. பச்சையாகவே நாலைந்து காட்டி அலுக்கவிட்டு, கடைசியில் மாம்பழ நிறத்தைப் பிரித்து, முந்தானையை என் தோளிலேயே போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். அப்போது அவள் முகம் மாறும். அந்த ஒரு நொடிக்காகத்தான் கால் வீங்க வீங்க நின்றேன்.

என்னைக் கேட்டுக்கொண்டே மாடி ஏறி வருவார்கள். நான் லீவு என்று தெரிந்தால், நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிப் போனவர்களும் உண்டு. அது என் தலைக்கு ஏறிவிட்டது. இவர்களெல்லாம் என் ஆட்கள், நான் எங்கே போனாலும் பின்னாலேயே வருவார்கள் என்று நினைத்தேன். வல்லார்பாடத்தில் கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் என் கணவர் மட்டும், "கடைக்கு வர்றவங்க கடைக்குத்தான் வர்றாங்க. நீ அங்க இருக்கே, அவ்வளவுதான்" என்றார். பொறாமை என்று முடிவு கட்டினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவரிடமே சொன்னேன்.

வேலையை விட்டேன். சொந்தக் கடை போட மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு சந்துக்குள் ஷட்டர் வைத்த அறை கிடைத்தது. முன்பு சுக்கு மூட்டை அடுக்கிய கிடங்கு. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தும் அந்த வாசனை போகவில்லை. பிரித்துப் போட்ட சேலையெல்லாம் கஷாயம் மாதிரி மணத்தது. "பூச்சி அண்டாது சேச்சி, இதுக்குத் தனியா காசு வாங்கலை" என்று அதையும் சொல்லி விற்கப் பார்த்தேன். சிரித்தார்கள். வாங்கவில்லை.

வராமல் இல்லை, வந்தார்கள். அதுதான் கொடுமை. பழைய வாடிக்கையாளர்கள் விலாசம் விசாரித்து வந்து, மெத்தையில் உட்கார்ந்து, சாயா குடித்து, மருமகள் கதை சொல்லி, போகும்போது பாவம் பார்த்து ஒரு நைட்டியோ லைனிங் துணியோ வாங்கிப் போனார்கள். மாவு விற்கப் போனால் காற்று, உப்பு விற்கப் போனால் மழை என்பார்கள். நான் பட்டு விற்கப் போன வருடம் மழை சந்துக்குள்ளேயே குடித்தனம் வைத்துக்கொண்டது. கட்டிட உரிமையாளர் பொறுத்துப் பார்த்துவிட்டு, அறையை டூரிஸ்டுகளுக்கான காபிக்கடைக்குக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார்.

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. திருப்பூணித்துறையில் ஒரு மாமி. தன் வளைகாப்புக்கான கறுப்புச் சேலையிலிருந்து மகளின் அரங்கேற்றப் பட்டு வரைக்கும் என் கையால் எடுத்துக் கொடுத்து வாங்கியவள். அந்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் போன் செய்து, "பொடவையெல்லாம் உன் கையாலதான்டி" என்று சொல்லியிருந்தாள். ஒரு கல்யாண ஜவுளி என்றால் இரண்டு குடும்பத்துக்குமான துணி. அது ஒன்று என் கடையில் நடந்துவிட்டால் வாய்வழியாகவே ஊர் முழுக்கப் பரவும், கடை நிமிர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். காஞ்சிபுரத்துக்கு நானே போய், அரக்கு நிறத்தில் ஒன்பது கஜம் கூறைப்புடவை முதல் சம்பந்திக்கு வைத்துக் கொடுக்கிற சேலை வரை பார்த்துப் பார்த்து எடுத்து வந்தேன்.

சொன்ன நாளில் மாமி வந்தாள், ஒற்றையாக. சாயாவை வாங்கிக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, ஷட்டரை இறக்கு. போலாம்" என்றாள்.

"எங்க மாமி?"

"உன் பழைய கடைக்குத்தான். சம்பந்தி ஆத்துக்காரா எல்லாரும் நேரா அங்க வந்துண்டிருக்கா. நீ இல்லாம எனக்குப் பொடவை எடுத்தே பழக்கமில்லையே. உன் கையாலதான்னு அன்னிக்கே சொன்னேனோல்லியோ?"

மாதக்கணக்கில் நான் காத்திருந்த வாக்குறுதியின் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பொய் சொல்லவில்லை. என் கையைத்தான் கேட்டிருந்தாள், என் கடையை அல்ல.

அடுத்தவர் சரக்கை விற்க நான் ஒருநாளும் கூசியதில்லை. என்னுடையது என்று வந்ததும் பிச்சை கேட்பது போல நாக்கு ஒட்டிக்கொண்டது. "இங்கயும் அரக்குல ஒண்ணு வெச்சிருக்கேன் மாமி" என்று மட்டும் சொன்னேன். எனக்கே கேட்காத குரல்.

"இருக்கட்டும்டி, அது எங்க போகப் போறது? இருபது பேர் வரா. அவாளை இங்க எங்க உக்காத்தி வெக்கறது, சொல்லு. லிஃப்டும் ஏசியும் இல்லேன்னா கல்யாணத்தன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவா."

அவள் சொன்னதில் தப்பில்லை. கல்யாண ஜவுளி எடுப்பது எங்கள் பக்கத்தில் பாதி கல்யாணம். வேனில் வர வேண்டும், கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும், கடை கொடுக்கும் ஜூஸைக் குடிக்க வேண்டும், கடைப் பெயர் போட்ட பைகளோடு இறங்க வேண்டும். சுக்கு வாசனை அடிக்கும் சந்தில் அது நடக்காது. இத்தனை வருடம் அந்த மாடியில் நின்று அதைத்தான் தினமும் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

ஷட்டரை இறக்கினேன். போனேன்.

முதலில் ஓரமாகத்தான் நின்றேன். சேலை எடுத்துப் போட்ட பெண் புதியவள். கேட்ட நிறத்தையே காட்டிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாளின் முகம் சுளிக்க ஆரம்பித்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் ஏறிவிட்டேன். எந்த அலமாரியில் எது இருக்கும் என்று கை மறக்கவில்லை. சம்பந்தியம்மாள் ஊதா கேட்டாள், கண் போனது மயில் கழுத்து நிறத்துக்கு. நாலைந்து ஊதாவைக் காட்டி அலுக்கவிட்டு, மயில் கழுத்தைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். அந்த அம்மாளின் முகம் மாறியது. நான் சிரித்தேன், கேலி பேசினேன், மாமாக்களை விரட்டினேன். இருபது பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடே மறந்துபோனது.

கீழே இறங்கும்போது பழைய மானேஜர் என்னைப் பார்த்தார். வேலைக்குத் திரும்ப வரச்சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் சரி என்றிருப்பேன். அவரோ, "சேச்சி கொண்டு வந்ந பார்ட்டியாணோ? இனியும் ஆளுண்டெங்கில் கொண்டு வா" என்றார். இது நான் கூட்டி வந்த கூட்டமா, இன்னும் ஆள் இருந்தால் கூட்டி வா என்று அர்த்தம். ஆட்களை அழைத்து வரும் வேன் டிரைவர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்புப் பையை எனக்கும் ஒன்று கொடுத்தார். மாமி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஒரு நாள் நிதானமா வந்து உன் கடையில என்னல்லாம் இருக்குன்னு பார்க்கணும்டி" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "கச்சவடம் எப்படி இருந்தது? வியாபாரம் ஆச்சா?" என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்தேன். ஊதா, மயில் கழுத்து, மாமாக்களை விரட்டியது எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். "உன்னை இப்படிப் பார்த்து எத்தனை நாளாச்சு! அப்போ நீ கொண்டு வந்த காஞ்சிபுரமெல்லாம் போயாச்சா?" என்றார்.

இல்லை, நான் விற்றது நம் கடையில் இல்லை, பழைய கடையில் என்று சொன்னேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றது. நான் அன்றைக்குச் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். உட்கார்ந்து அழுதேன்.

காலையில் கட்டிட உரிமையாளருக்குப் போன் செய்து, அறையைக் காபிக்கடைக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். வியாபாரம் இல்லை என்றேன், அது பொய்யில்லை. ஆனால் அந்த வருடம் முழுவதிலும் நான் சந்தோஷமாக இருந்தது ஒரே ஒரு நாள்தான், அன்றைக்கு என் கடை பூட்டிக் கிடந்தது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?