பதினான்கு முடிச்சுகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு நார்க்கயிறு கிடக்கிறது. அதில் பதினான்கு முடிச்சுகள்.

யுத்தத்தால் பர்மா அரிசி நின்றுபோயிருந்த சமயம். திருவிதாங்கூரில் கடலோரத்தில் மீனும் தேங்காயும் உண்டு, மலையில் ஏலமும் தேயிலையும் உண்டு, சோற்றுக்குத்தான் வழியில்லை. சாலைக்கடைத் தெருவில் மரச்சீனிக் கிழங்குக்கே வரிசை நின்றது. திருவனந்தபுரத்தில் அரிசி பங்கிடும் அலுவலகத்தில் நான் புதுக் குமாஸ்தா. பூகோளத்தில் முதல் மார்க் வாங்கிய மிதப்பு வேறு. சுவரிலிருந்த தேசப்படத்தில் நூலை வைத்து அளந்து, எந்த ஊருக்கு என்றைக்கு அரிசி சேரும் என்று சட்டென்று சொல்லிவிடுவேன்.

தென்காசிப் பக்கத்துக் கங்காணி ஒருவர், தன் ஏலத்தோட்டத்து ஆட்களுக்கு அரிசி கேட்டு மலையிறங்கி வந்தார். நூலை வைத்தேன். அடிவாரம்வரை வண்டியில் ஒரு நாள். மேலே பதினெட்டு மைல் தலைச்சுமை, இரண்டு நாள். "திங்கக்கிழமை புறப்பட்டா புதன்கிழமை சேர்ந்துடும்" என்றேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல ஏத்தம் எங்க சாரே இருக்கு? நாங்க மைல் பாக்கறதில்ல. சுமைய எத்தன தடவ இறக்கி வைக்கோம்னுதான் பாப்போம். இந்த மழையில ஞாயித்துக்கிழம ஆயிரும்."

பக்கத்து மேசைக் குமாஸ்தா, கரமனை ஊர்க்காரர், தலை தூக்கினார். "ஓய், பி.ஏ. படிச்சவர் சொல்றார். உம்ம சுமைக்கணக்கெல்லாம் சர்க்கார்ல செல்லாது, கேட்டோ."

நானும் சேர்ந்து சிரித்தேன். புதன்கிழமை என்றே ஆட்களிடம் சொல்லிவிடுவதாகச் சொல்லி, கங்காணி கும்பிட்டுவிட்டுப் போனார்.

அரிசி ஞாயிற்றுக்கிழமைதான் போய்ச் சேர்ந்தது.

மறு வாரம் கங்காணி வந்தார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"புதன் வந்துரும்னு நம்பி ஒருத்தரையும் கீழ இறங்க விடல சாரே. காய்ச்சலும் பட்டினியுமா கிடந்தாங்க. வெள்ளிக்கிழம எம் மவள முதுகுல கட்டிக்கிட்டு ஆசுபத்திரிக்கு இறங்கினேன்." மடியிலிருந்து கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "இறக்கி வச்ச இடத்துக்கு ஒரு முடிச்சு. அது எங்க பழக்கம். பதினாலாவது இடத்துல இறக்கினவள மறுபடி தூக்கல. அங்கதான் உங்க அரிசிச் சுமையையும் இறக்கி வச்சிருந்தாங்க. படத்துல குறிக்கிறதுக்கு உதவும்னு கொண்டாந்தேன்."

குறிக்க இடமில்லை. இப்போது சுவரில் புதுப்படம் வந்துவிட்டது. மலைக்கு அழகான பழுப்பு நிறம். நூலை வைத்தால் இன்றும் பதினெட்டு மைல்தான். கயிற்றை வைத்தால், மலையையும் தென்னந்தோப்புகளையும் தாண்டி, கடலின் நீலத்தில் போய் விழுகிறது.