தோளில் போட்ட ஊசி

அந்தப் பெயின்டரை எல்லோரும் நெட்டை என்றே கூப்பிட்டார்கள். மற்றவர்கள் ஏணி தேடும் உயரத்துக்கு அவர் ஸ்டூல் மேல் ஏறினால் போதும். அதனால் எங்கே போனாலும் கூரைக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை அவர் தலையில்தான் விழும். இருபது வருடம் அண்ணாந்தபடி ரோலர் ஓட்டியதில் கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவே சதை கயிறு முறுக்கியதுபோல் இறுகிவிட்டது. தைலம், மாத்திரை, ஒத்தடம் எதற்கும் மசியவில்லை.

வலி தாங்காமல் ஒரு பள்ளிக்கூட வேலை பாதியில் நின்றபோது, கிளினிக்குக்குப் போய் இறுகிய இடத்திலேயே ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பி மனைவிக்குக் காட்டினார்.

"பாத்தியா, ஆந்தை மாதிரி திரும்புது."

நான்காம் நாள் அந்த இடம் சிவந்து வீங்கியது. தொட்டால் சுட்டது. கிளினிக்குக்குப் போன் செய்தார். எடுத்த பெண், "ஊசி போட்ட எடம் கொஞ்ச நாள் வலிக்கத்தான் செய்யும், ஐஸ் வைங்க" என்றாள். காய்ச்சல் அடிப்பதை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மறுநாள் வேலையிடத்தில் உடம்பு தூக்கிப்போட்டது. பெயின்ட் வாளியோடு சரிந்து விழுந்தார். கூட வேலை செய்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சதைக்குள் ஆழமாகச் சீழ் கட்டியிருந்தது. கிருமி ரத்தத்திலும் கலந்திருந்தது. அன்றைக்கே தோளைக் கிழித்துச் சுத்தம் செய்தார்கள். இரண்டு நாள் நினைவு தப்பிப் பிதற்றியபடி கிடந்தார். "ரெண்டாவது கோட்டு பெயின்ட்டு காயல, கை வைக்காதீங்க" என்று நர்ஸை அதட்டினார். மனைவி சிரித்துவிட்டு, வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதார்.

கிளினிக் டாக்டர் ஒரு மாலை பார்க்க வந்தார். நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே பேசினார்.

"இது ரொம்ப ரொம்ப அபூர்வம்மா. ஊசி போன வழியா கிருமி உள்ள போயிருக்கு. இத்தனை வருஷத்துல எனக்கு இதுதான் முதல் தடவை."

"காய்ச்சல் வந்தா உடனே வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று கேட்டார் மனைவி.

டாக்டர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். "சொல்லல. சொல்லியிருக்கணும்."

கட்டிலிலிருந்து நெட்டை மெல்ல முனகினார். "நானும் போன்ல காய்ச்சல்னு சொல்லல."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் மனைவி. ஆனால் அதற்குப் பிறகு டாக்டரை அவர் எதுவும் கேட்கவில்லை.

ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏறியது. உயிர் பிழைத்தார், வலது கை மட்டும் தோளுக்கு மேல் எழவில்லை. இப்போது கதவுகளுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் உட்கார்ந்தபடி பெயின்ட் அடிக்கிறார். கூரை அடிக்க வேறு ஆள் வருகிறான். அவன் பெயின்ட் படாமல் விட்டுவிட்ட திட்டுகள் கண்ணில் பட்டாலும் வாய் திறப்பதில்லை.

அவருக்கு உடம்பு கொஞ்சம் வியர்த்தாலே மனைவி தழும்பின்மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறார்.

"வெயிலுதான், வேற ஒண்ணுமில்ல," என்கிறார் நெட்டை.

மனைவி கையை உடனே எடுப்பதில்லை.