விரல் நுழைகிற முடிச்சு

அக்காவுக்குத் தெரிந்தது ஒரே முடிச்சுதான், பூக் கட்டுகிற முடிச்சு. பாலக்கரையில் எங்கள் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் பூவும் ஈர வாழைநாரும் முதலில் அவளிடம்தான் வரும். ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டுவாள், குனிந்துகூடப் பார்க்க மாட்டாள். நான் கட்டினால் ஒரு முழம் தாண்டுவதற்குள் பாதிப் பூ மடியில் கிடக்கும்.

அவளுடைய இருபத்து நாலாவது வயதில் அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். அதன் பிறகு பூப்பொட்டலம் வந்தால் அம்மா அவளைத் தாண்டி வந்து என் மடியில் போட ஆரம்பித்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும்தான்.

கை சும்மா இருக்க முடியாமல் அக்கா கொல்லையில் தக்காளி போட்டாள். அழுகிய பழம் ஒன்றைக் கிணற்றடி ஓரமாகப் பிசைந்து விட்டாள், அவ்வளவுதான். பாத்திரம் கழுவுகிற தண்ணீரைக் குடித்தே செடிகள் இடுப்பு உயரம் வந்தன. காய் பிடித்ததும் தலை கனத்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. அக்கா குச்சிகளை ஊன்றி, நாரை நனைத்துக் கிழித்து, தண்டைக் குச்சியோடு சேர்த்துக் கட்டினாள்.

“என்னக்கா, பூக் கட்டுற மாதிரி கட்டுறே?”

“எனக்கு வேற முடிச்சு தெரியாதுடி.”

ஈர நார் காய்ந்தால் இறுகும். பூவுக்கு அது நல்லது. தக்காளித் தண்டோ பருத்துக்கொண்டே போகும். பத்து நாளில் நாலு செடிகள் கட்டு விழுந்த இடத்திலேயே ஒடிந்தன. அக்கா அவற்றின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அத்தான் போனபோதுகூட அவள் அப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. பிறகு மிச்சச் செடிகளின் கட்டுகளையெல்லாம் அவிழ்த்து, தளர்வாகச் சுற்றி முடிந்தாள். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தாள்.

“விரல் நுழையணும்டி. அப்பதான் அது மூச்சு விடும்.”

அந்தத் தை மாதம் எனக்குக் கல்யாணம். அதற்கு முதல் நாள் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து கூடை நிறையக் கனகாம்பரம் வந்து இறங்கியது. கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். யாரும் கூப்பிடாமலே அக்காவும் வந்து ஓரமாக உட்கார்ந்து ஒரு நாரை எடுத்தாள். தங்கை கல்யாணம்தானே, இதற்கு மட்டும் விடுவார்கள் என்று நினைத்திருப்பாள். ஒரு முழம் கட்டி முடித்தும் விட்டாள்.

அம்மா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

“நீ போய் செடிக்குத் தண்ணி ஊத்தும்மா. வெயில் ஏறிடும்.”

அக்கா எழுந்து போனாள். அவள் கட்டிய சரத்தை அம்மா வாழையிலைக் கிழிசலில் சுருட்டி ஜன்னலோரம் வைத்தாள். மற்ற சரங்களோடு சேர்க்கவில்லை.

நான் கல்யாணப் பெண். “அக்கா கட்டினதையே எனக்கு வைங்கம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு அம்மாவால் மறுத்திருக்க முடியாது. நான் சொல்லவில்லை. மறுநாள் கழுத்தில் ஏறப்போகிற தாலிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். எனக்குத் தலை பின்னிவிட்டு, சோறு பிசைந்து ஊட்டிய அக்காவின் கையைப் பார்த்துப் பயந்தேன். அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

மறுவீட்டுக்கு வந்தபோது அக்கா அடுப்படியில் இருந்தாள். “வாடி, இளைச்சுட்டியே” என்று சிரித்தாள். அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல், கால் கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போனேன்.

கிணற்றடியில் இருந்த பெரிய செடி காய்களைத் தாங்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. அதைக் குச்சியோடு பிணைத்திருந்தது அந்தக் கனகாம்பரச் சரம். பூவெல்லாம் வதங்கிக் கறுத்திருந்தது. நார் மட்டும் கெட்டியாக இருந்தது.

அந்தக் கட்டுக்குள் என் விரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது.